பூத்த மரமும் பொதுப் பூங்காவும்

உண்ண உணவும், உடுக்க உடையும், இருக்க இடமும் மாந்தனுக்கு முதன்மைத் தேவைகள். அவை மூன்றும் அமைந்த பின்னரும் அவன் உள்ளத்தில் ஒரு பசி எஞ்சி நிற்கின்றது. அழகைக் காணவேண்டும், கண்ட அழகின்கண் சற்று நேரமேனும் தங்கவேண்டும் என்னும் பசி அது. செல்வன் அப் பசியைத் தன் வளமனைத் தோட்டத்திலும் கோடை மலைச் செலவிலும் தீர்த்துக்கொள்கின்றான். ஏழைக்கு அதனைத் தீர்க்குமிடம் ஒன்றே ஒன்று. அஃது ஊர்ப் பொதுப் பூங்கா. ஆகவே, பூங்காவைப் பற்றிப் பேசுவது வேலையற்றார் பேச்சென்று எவரும் எண்ணிவிடுதல் வேண்டா. பொதுப் பூங்கா மக்களின் உரிமை. தமிழகத்திலோ அது மொழியுரிமையோடும் பிணைந்து கிடக்கின்றது.

தஞ்சையிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் பெருவழியில் அமைந்தது கந்தர்வக்கோட்டை. சுற்றிலும் செம்மண் நிலம். அதன்மேல் முந்திரித் தோப்புகள். முந்திரிக் கொட்டையை வறுத்தும் உடைத்தும் வாழும் குடும்பங்கள் இப் பக்கத்தில் பலப்பல. கொட்டையின் எண்ணெய் பட்டுத் தோலுரிந்த விரல்களோடு நாள் முழுதும் உழைக்கும் நம் தாய்மார் மாலையில் தம் மக்களோடு காசின்றி அமர்ந்து கண்குளிர எதனைக் காண்பர்? தொலைக்காட்சிப் பெட்டியையும் கைப்பேசித் திரையையும் தவிர அவர்க்கென்று இந் நாட்டார் வைத்திருப்பது யாது?

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் வீசிய கசாப் புயல் இம் மாவட்டத்தின் மரவளத்தை ஒரே இரவில் வீழ்த்திச் சென்றது. தென்னையும் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அவற்றோடு சாலையோர நிழல்மரங்களும் பள்ளி வளாகத்து மரங்களும் சாய்ந்தன. தோப்புக்கு இழப்பீடு கேட்டோம், கேட்டது முறையே. நிழலுக்கும் பூவுக்கும் எவரும் இழப்பீடு கேட்கவில்லை. அவற்றுக்குத் தனி உடைமையாளர் இல்லாமையே காரணம். பொதுவானது கெட்டால் எவருக்கும் நோவதில்லை என்னும் நிலை ஒரு குமுகாயத்துக்கு நல்லதன்று. இனி நடுவதை எண்ணிப் பார்த்து நடவேண்டிய காலம் இது.

பூவின் நிலைகளுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் வகுத்த மொழி நம்முடையது. அரும்பு, மொட்டு, முகை, போது, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் பிறப்பு முதல் வாடுகை வரை நிலைதோறும் ஒரு சொல் உண்டு. பூக்களைக் கோட்டுப் பூ, கொடிப் பூ, நீர்ப் பூ, நிலப் பூ என நான்காகப் பகுத்தனர் நம் முன்னோர். மரக்கிளையில் மலர்வது கோட்டுப் பூ. மரத்தொகுதிக்கும் ஒரு சொல்லோடு அவர் நின்றாரில்லை. கா, சோலை, பொழில், தண்டலை, தோப்பு என்று பல வழங்கின. இவற்றுள் கா என்பதனோடு பூவைச் சேர்த்தே பூங்கா என்கின்றோம். எனவே, பூவில்லாத பூங்கா பெயரளவிலும் பூங்கா ஆகாது.

ஒழுக்கத்துக்கே பூவின் பெயரை இட்டவர் தமிழர். அகத்திற் குறிஞ்சியும் முல்லையும் மருதமும் நெய்தலும், புறத்தில் வெட்சியும் கரந்தையும் வஞ்சியும் உழிஞையும் நொச்சியும் தும்பையும் வாகையும் திணைப்பெயர்களாக நின்றன. கபிலர் குறிஞ்சிப் பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை வரிசையாக அடுக்கிக் கூறினார். அப் பாட்டு ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்குப் பாடப்பெற்றதென்பது வழிவழிச் செய்தி. தமிழ் அறியாதானுக்குத் தமிழைப் புகட்ட வந்த புலவர் பூக்களின் பெயரை அடுக்கினார் என்பதை எண்ணுந்தொறும் வியப்பு மிகுகின்றது. ஒரு நிலத்தின் மொழி அந் நிலத்து மரஞ்செடிகளோடு ஒட்டி வளர்வது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இன்றைய நிலை என்ன? வகுப்பறையில் வேங்கை என்னுஞ் சொல் வருமிடத்து அதன் பொருளை வினவினால், புலி என்று மாணாக்கர் ஒரே குரலில் விடை கூறுவர். வேங்கை ஒரு மரமும் ஆகும் என்றால் விழிப்பர். பாறைமேல் உதிர்ந்து கிடக்கும் வேங்கைப் பூவைப் புலியென மயங்குவதாகப் பழம்பாட்டுகளில் வருமே, அந் நயத்தை மரத்தையே காணாத பிள்ளைக்கு எங்ஙனம் விளக்குவது? தேர்தல் முடிந்தால் செய்தித்தாள்தோறும் ‘வாகை சூடினார்’ என்று கொட்டை எழுத்தில் வருகின்றது. அதனைப் படிப்போருள் எத்துணைப் பேர் வாகைப் பூவைக் கண்டிருப்பர்? வாகை மலையுச்சியில் மறைந்து நிற்கும் அரிய மரமன்று. சாலையோரத்தில் நிற்பது, கோடையில் வெளிர்மஞ்சட் பட்டிழை போலும் பூக்களைச் சொரிவது, மணமும் உடையது. அதன் அடியிலேயே பேருந்துக்கு நின்றுகொண்டு வாகை என்றால் என்னவென்று கேட்கின்றோம். இது தமிழாசிரியன் ஒருவனின் குறையீடு மட்டுமன்று. சொல் இருக்கப் பொருளை இழத்தல் ஒரு வகை மொழியிழப்பே. நூலகத்தில் அகரமுதலி இருப்பதால் மொழி வாழ்ந்துவிடாது. சொல்லைக் கேட்டவுடன் பொருள் கண்முன் நிற்றல் வேண்டும்.

இனிப் பூங்காக்களைப் பார்ப்போம். நகர்ப் பூங்கா ஒன்றில் யான் கண்டதைக் கூறுவேன், ஊர்ப்பெயர் வேண்டா. அங்கே சரக்கொன்றை ஒன்று பூத்து நின்றது. இலைகளெல்லாம் உதிர்ந்து, சரஞ்சரமாகப் பொன்னிறப் பூக்கள் தொங்கின. அதன் அடியில் நட்டிருந்த பலகையில் ‘கோல்டன் சவர்’ என்று ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தனர்; கீழே இலத்தீனப் பெயர். தமிழ் எழுத்து ஒன்றுதானும் இல்லை. சிவனுக்குரிய பூவென்று அடியார் பாடிய கொன்றை, கார்காலத்தின் வரவைச் சொல்லும் பூவென்று சங்கப் புலவர் பாடிய கொன்றை, தன் மண்ணிலேயே அயற்பெயர் தாங்கி அயலாளைப் போல் நின்றது. சில எட்டுத் தொலைவில் மழைமரம் ஒன்று. அது நடு அமெரிக்க, தென்னமெரிக்க நிலத்தது. மாலையானதும் இலை கூம்பும் அதன் இயல்பைக் கண்டு, எழுத்தறியா நம் உழவர் அதற்குத் ‘தூங்குமூஞ்சி மரம்’ என்று அழகாகப் பெயரிட்டனர். எந்தக் கலைச்சொற் குழுவும் கூடி அப் பெயரை ஆக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவன் அயல் மரத்துக்குத் தமிழ்ப்பெயர் தந்தான். படித்தவன் தமிழ் மரத்துக்கு அயற்பெயர் ஒட்டினான். இவ் விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு நம் நோயின் இருப்பிடம் எதுவெனத் தெற்றெனப் புலப்படும்.

ஈண்டு ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். அயல்மரத்தையெல்லாம் வெட்டி வீழ்த்துக என்று யாம் கூறவில்லை. அஃது அறியாமை. நம் வட்டாரத்துக்குச் சோறிடும் முந்திரியே பிரேசில் நாட்டது. போர்த்துக்கீசியர் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் இந் நாட்டுக்கு வந்தது. இன்று அஃது இம் மண்ணின் மரமாகிவிட்டது. கோடையிற் செந்தீப் போலப் பூக்கும் மயிற்கொன்றை மடகாசுகர்த் தீவினது. சிவன் கோயில்களில் நட்டு வணங்கும் நாகலிங்க மரமும் தென்னமெரிக்காவினது. பூவின் நடுவே இலிங்கமும் மேலே பாம்புப் படமும் இருப்பதாக நம்மவர் கண்ட காட்சியால் அது கோயிலுக்குள் நுழைந்தது. மரம் எங்கிருந்து வந்தாலும் நிழல் தருகின்றது, பூத் தருகின்றது. வந்தாரை வாழவைத்த நாடு வந்த மரத்தையும் வாழவைக்கட்டும். ஆனால், வந்தவை நடுக்கூடத்தில் நிற்க, வீட்டுக்குரியவை வெளியே நிற்றல் முறையா? நம் பூங்காக்களில் வேங்கை எங்கே? கடம்பு எங்கே? புன்னையும் ஞாழலும் காயாவும் எங்கே?

காயாவைப் பற்றி இம் மாவட்டத்தார் தனியே அறிதல் வேண்டும். நீலமணி போலும் பூவுடையதென்று புலவர் பாடிய காயா, புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயிற்காடுகளில் இன்றும் புதராக வளர்ந்து நிற்கின்றது. மக்கள் காசா என்பர். நூலில் மட்டுமே உள்ளதென நாம் கருதும் மரம், நம் ஊரின் ஐயனார் காட்டிலேயே ஆண்டுதோறும் பூத்து உதிர்கின்றது. கண்டு சொல்வார்தாம் இல்லை. திருக்கோகருணத்துக் குடைவரைக் கோயில் இறைவனுக்கு மகிழவனேசர் என்று ஒரு பெயருண்டு. மகிழமரக் காடாக இருந்த இடமென்பது அப் பெயராற் பெறப்படும். வாடி உலர்ந்த பின்னும் மணம் மாறாத பூ மகிழம்பூ. சென்னைப் புரசைவாக்கம் புரசமரத்தாற் பெயர்பெற்றது. ஊர்ப் பெயரிலும் கோயிற் பெயரிலும் மரத்தை வைத்துக்கொண்டு, மரத்தை மட்டும் தொலைத்துவிட்டோம். தொலைத்த இடத்தில் எதை வைத்தோம்? இம் மாவட்டத்தில் பரந்துகிடக்கும் தைலமரக் காடுகளை நோக்குக. பறவை கூடு கட்டாது, அடியிற் புல்லும் முளையாது, நிலத்தடி நீரை உறிஞ்சுகின்றதென்று உழவர் பல்லாண்டுகளாகக் குரல் கொடுத்து வருகின்றனர். தாள் ஆலைக்குக் கூழாவதற்கென்றே வளர்க்கப்படும் மரத்தில் கண்ணுக்கும் காதுக்கும் விருந்தேது?

மரத்தோடு கலையும் சேர்ந்தாலன்றிப் பூங்கா நிறைவெய்தாது. பூத்த மரம் இயற்கையின் ஓவியம். சிலையும் ஓவியமும் மாந்தன் கையாற் பூத்த பூ. இரண்டையும் ஓரிடத்துக் கண்டு மகிழும் வழக்கம் வெள்ளையர் கற்றுத்தந்தது என்று சிலர் கருதுகின்றனர். அது தவறு. மணிமேகலையில் மலர்வனம் புக்க காதையைப் படிப்போர், பூம்புகாரின் உவவனத்தில் மரஞ்செறிந்த பொழிலும் பளிங்காலாய அறையும் ஒருங்கே இருந்தமையைக் காண்பர். நூலை விடுத்து நேரிற் காணவேண்டுமாயின் புதுக்கோட்டைக்கு வடமேற்கே உள்ள சித்தன்னவாசலுக்குச் செல்க. அங்குள்ள அறிவர் கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பெற்றுள்ளது. அதில் தாமரையும் மொட்டும் இலையும், மீனும் அன்னமும், யானையும் எருமையும், பூக்கொய்யும் ஆடவர் மூவரும் உள்ளனர். பாண்டியன் சீமாற சீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பார் அக் கோயிலைப் புதுப்பித்தமையை அங்குள்ள கல்வெட்டுக் கூறுகின்றது. சமண நெறி வழி அக் குளத்துக்கு ஆழ்ந்த பொருளுண்டு. ஆயினும் சமயம் அறியாத சிற்றூர்ச் சிறுவனும் அண்ணாந்து நோக்கினால் தன் ஊர்க்குளத்தைக் கூரையிற் காண்கின்றான். ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு மேலாகியும் அத் தாமரை முற்றும் வாடவில்லை. நமக்கு இத்துணை அருகில் இத்தகைய பொய்கை ஓவியமாக நிற்க, நம் பூங்காச் சுவர்களில் எவற்றைத் தீட்டுகின்றோம்? அயல்நாட்டுக் கேலிப்பட எலியையும் வாத்தையும்!

ஐயனார் காட்டையும் எண்ணிப் பார்க்கவேண்டும். மரம் வெட்டலாகாது என்னும் கட்டுப்பாட்டோடு காக்கப்பெற்ற காடு. அதன் நடுவே வேளார் வனைந்து சூளையிற் சுட்ட மண்குதிரைகள். குளமங்கலத்து ஐயனார் கோயிலில் வானளாவ நிற்கும் குதிரையைக் காணாதார் இப் பக்கத்தில் இலர். நிழலும் பூவும் கலையும் ஒருங்கமைந்த பொழில்களை ஊர்தோறும் வைத்திருந்த மக்கள் நாம். எனினும் உண்மையை மறைத்தல் ஆகாது. அக் காடுகள் எல்லார்க்கும் ஒருபடித்தாய் இருந்ததில்லை. சாதி சொல்லித் தடுத்த இடங்களும் பெண்டிர் நுழையலாகாதென்று விலக்கிய இடங்களும் உண்டு. கோயில் நந்தவனமோ தெய்வத்துக்கென்று ஒதுக்கப்பட்டது; அங்குப் பூக்கொய்ய உரியார் சிலரே. பொதுப் பூங்காவின் பெருமை இங்கேதான் உள்ளது. தஞ்சைப் பெரியகோயிலை அடுத்துள்ள சிவகங்கைப் பூங்காவைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நகராட்சியார் மக்கட்குரியதாக அமைத்தனர். அதன் கல்லிருக்கையில் யாரும் யாருடைய குலத்தையும் வினவாமல் அருகருகே அமரலாம். பூவுக்குத் தீட்டில்லை; நிழலுக்கும் இல்லை. ஐயனார் காட்டின் மரத்தையும் கலையையும் எடுத்துக்கொண்டு, அதன் விலக்குகளை விட்டொழித்து, எல்லார்க்குமாக அமைப்பதே தமிழ்ப் பூங்கா என்க.

இவ்வாறு யாம் கூறுங்கால் மூன்று தடைகள் எழும்.

சோற்றுக்கே வழியில்லாத இடத்திற் பூங்கா எதற்கு என்பது முதல் தடை. சோற்றுக்கு வழியில்லாதவனுக்குப் பூவும் இருத்தலாகாது என்று கூறும் உரிமை யாருக்குண்டு? இருப்பவன் இரண்டும் துய்க்க, இல்லாதவன் இரண்டும் இழப்பதா? அடுத்த தடை, மரத்துக்கு மொழியேது, எந்த மரமானாலென்ன என்பது. மரத்துக்கு மொழியில்லை, மரத்தைக் காணும் மாந்தனுக்கு மொழியுண்டு. அண்டைச் சேரநாட்டுப் பிள்ளை ஒவ்வொன்றும் கொன்றையை அறியும். அவர்தம் சித்திரைப் புத்தாண்டில் கொன்றைப்பூவைக் கண்விழித்துக் காணும் வழக்கம் இருப்பதே காரணம். சப்பானியர் வேனிற்காலத்திற் பூக்கும் சேலா மரங்களின் கீழ்க் குடும்பத்தோடு அமர்ந்து உண்டு மகிழ்வதைப் பெருவிழாவாகவே கொண்டாடுகின்றனர். எந்த ஊரில் எந்நாளிற் பூக்கும் என்பது அங்கு நாளிதழ்ச் செய்தி. அவர் தம் பூவைத் தம் பெயராற் போற்றுதல் பண்பாடாகவும், நாம் போற்றுதல் வெறியாகவும் ஆவது எங்ஙனம்?

இவையெல்லாம் பெருநகர்களுக்கு இயலும், சிற்றூர்க்கு இயலா என்பது கடைசித் தடை. சென்னையில் 2010-ஆம் ஆண்டு நவம்பரில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பெற்றது. கோவையில் நடுவண் சிறைக்குரிய நிலத்தில் 45 ஏக்கர்ப் பரப்பில் மற்றொரு செம்மொழிப் பூங்கா 2025-ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பெற்றது. மகிழ்ச்சியே. ஆயினும் கந்தர்வக்கோட்டை முந்திரித் தொழிலாளி பிள்ளைகளோடு கோவைக்குச் சென்று பூக்காண இயலுமோ? அரை ஏக்கர் நிலமும் இருபது மரமும் போதும். வேங்கைக் கன்றுக்கும் மகிழங் கன்றுக்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை. 2022-இல் அரசினர் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் நாற்றங்கால்களில் நாட்டு மரக்கன்றுகளைக் கேட்டுப் பெறலாம். கேட்பாரின்மையே குறை.

ஆதலின் ஊராட்சியார்க்கும் பேரூராட்சியார்க்கும் நகராட்சியார்க்கும் யாம் முன்வைக்கும் வேண்டுகைகள் இவை.

முதலாவது, பொதுப் பூங்காவிலுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் தமிழிற் பெயர்ப்பலகை வேண்டும். நூல்வழக்குப் பெயர், ஊர்வழக்குப் பெயர், பூக்கும் மாதம், வந்த நாடு ஆகியவை அதில் இடம்பெறுக. அறிவியற் பெயரும் ஆங்கிலப் பெயரும் தேவையெனிற் கீழே சிறிதாக இருக்கட்டும்.

இரண்டாவது, ஆண்டு முழுதும் ஏதேனும் ஒரு மரம் பூத்திருக்குமாறு தெரிந்து நடுக. மாசி பங்குனியில் முருக்கும் இலவும் செக்கச்சிவக்கப் பூக்கும். சித்திரை வைகாசியிற் கொன்றையும் வாகையும். ஆனி ஆடியிற் பந்துபந்தாகக் கடம்பு. பூவரசோ ஆண்டெல்லாம் மஞ்சளாய் மலர்ந்து சிவப்பாய் உதிரும்.

மூன்றாவது, வாய்பிளந்து நிற்கும் பைஞ்சுதை ஒட்டகச்சிவிங்கிகளுக்குச் செலவிடும் பணத்தை நம் கலைஞர்க்கு அளித்திடுக. மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசினர் சிற்பக் கல்லூரி நடைபெற்று வருகின்றது. அங்குக் கற்றோர்க்கு வேலை வேண்டும். நம் பக்கத்து வேளார் குடும்பங்கள் மண்குதிரை வனையும் கையோடு வேறு தொழிலுக்குச் சென்றுகொண்டிருக்கின்றன. பூங்கா வாயிலில் அவர்தம் குதிரைகள் நிற்கட்டும். சுவரிற் சித்தன்னவாசற் பொய்கையை உள்ளூர் ஓவிய ஆசிரியரும் மாணாக்கரும் தீட்டட்டும்.

நான்காவது, நுழைவுக் கட்டணம் வேண்டா. விளக்கு, குடிநீர், பெண்டிர்க்குத் துப்புரவான கழிப்பிடம் ஆகிய மூன்றும் வேண்டும். இவை மூன்றுமில்லாப் பூங்கா பொழுதுசாய்ந்ததும் குடிகாரர் கூடாரமாகிவிடுவதைக் கண்டுவருகின்றோம்.

ஐந்தாவது, பள்ளிப் பிள்ளைகளின் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு மரத்தை உரிமையாக்குக. நீரூற்றுவதும், முதற்பூ மலர்ந்த நாளைக் குறித்துவைப்பதும் அவ் வகுப்பின் கடமை. தான் வளர்த்த வேங்கையின் பூவைக் கண்ட பிள்ளைக்குப் பாட்டில் வரும் வேங்கையை ஆசிரியர் விளக்கவேண்டியதில்லை. பிள்ளையே ஆசிரியர்க்கு விளக்கும்.

இவற்றுள் எதுவும் அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதன்று. வரும் மழைக்காலத்துக்கு முன் ஊர்தோறும் இளைஞர் நால்வர் கூடுக. ஐயனார் காட்டிலிருந்து காயா விதையும், திருக்கோகருணத்திலிருந்து மகிழ விதையும் பொறுக்கிவந்து முளைக்க வையுங்கள். ஊர்ப் பூங்காவில் பெயரின்றியோ அயற்பெயர் தாங்கியோ நிற்கும் மரங்களைக் கணக்கெடுங்கள். மூத்தோரைக் கேட்டு அவற்றின் ஊர்ப்பெயர்களை எழுதிவையுங்கள். எழுதியதை மன்றத்தாரிடம் நேரிற் கொடுத்துப் பலகை கேளுங்கள். மரப்பெயர் அறிந்த முதியோர் ஒருவர் மறையுந்தொறும் நம் மொழியில் சில சொற்கள் அவரோடு மறைகின்றன. அவர் இருக்கும்போதே கேட்டுவைத்தல் நம் கடன்.